ஷெங்கன் என்றால் என்ன? ஒரே விசாவில் 29 நாடுகள் எப்படி?

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் பாரிஸுக்கு என்று வாங்கிய விசாவிலேயே அங்கே போய் வரலாம். அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, யூரோவில்தான் வரவு செலவு, ஆனால் அதே விசாவை நம்பி டப்ளினுக்கு டிக்கெட் போட முடியாது. டென்மார்க்குக்கு விசா செல்லும், பணம் மட்டும் க்ரோன். முதல்முறை ஐரோப்பா கிளம்புகிறவர்கள் இந்த இடத்தில் குழம்பிப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். குழப்பத்துக்குக் காரணம், ஒன்றியம், யூரோ, சுங்கம், ஷெங்கன் ஆகிய நான்கையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதுதான். நான்கும் தனித்தனி ஏற்பாடுகள், நான்கிலும் உறுப்பினர் பட்டியல் வேறு வேறு. பயணிக்கு முதலில் புரிய வேண்டியது ஷெங்கன், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சாரம் இவ்வளவுதான். இதில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் உள்ள எல்லைகளில் ஆட்களை நிறுத்திப் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து வருகிறவர் முதலில் எந்த நாட்டில் இறங்குகிறாரோ, அந்த நாடே மற்ற எல்லோருக்கும் சேர்த்து அவரைச் சோதித்து உள்ளே விடும். ஒரே காம்பவுண்டுக்குள் பத்துப் பதினைந்து வீடுகள் இருந்தால் வாசல் கேட்டில் ஒருமுறை விசாரிப்பார்கள், உள்ளே போனபிறகு ஒவ்வொரு திண்ணையிலும் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள், அதுபோலத்தான். ஆனால் அந்தக் கேட்டில் நிற்கும் ஆள் எல்லா வீட்டுக்கும் பொதுவானவர் இல்லை, ஏதோ ஒரு வீட்டுக்காரர் வைத்த ஆள். ஹெல்சின்கியில் இருப்பவர், ஏதோ ஒரு கிரேக்கத் தீவில் நிற்கும் காவலர் சரியாகப் பார்த்திருப்பார் என்று நம்ப வேண்டும். தன் நாட்டுக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்வதுதான் ஒரு அரசாங்கத்தின் ஆகப் பெரிய அதிகாரம், அதை இன்னொரு நாட்டின் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது சாதாரணக் காரியமே இல்லை.

இப்போது மொத்தம் 29 நாடுகள். ஒன்றியத்தின் 27-இல் அயர்லாந்தும் சைப்ரஸும் தவிர மற்ற 25, அப்புறம் ஒன்றியத்தில் இல்லாத நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன். குரோஷியா 2023 ஜனவரியில் வந்தது. ருமேனியாவையும் பல்கேரியாவையும் பல ஆண்டுகள் காக்க வைத்து, 2024 மார்ச் 31-இல் விமானம், கப்பல் வழிகளை மட்டும் திறந்தார்கள், சாலை எல்லை 2025 ஜனவரி 1-இல்தான் திறந்தது. பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்திலேயே இதில் சேரவில்லை, லண்டனுக்கு எப்போதும் தனி விசாதான். அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே பழைய தடையற்ற பயண ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அதை விட மனமில்லாமல் அயர்லாந்தும் வெளியே நின்றுவிட்டது.

இது எப்படி ஆரம்பித்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஐரோப்பிய ஒற்றுமை பற்றி மேடையில் பேசிய தலைவர்களைவிட இதில் லாரி ஓட்டுநர்களுக்குப் பங்கு அதிகம். 1984 பிப்ரவரியில் இத்தாலி–பிரான்ஸ் எல்லையில் சுங்க ஊழியர்களின் போராட்டத்தால் லாரிகள் ஆல்ப்ஸ் மலைக் குளிரில் வரிசைகட்டி நின்றன. பொறுமை போன ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தார்கள், பிரான்ஸ் முழுக்கப் போக்குவரத்து முடங்கியது. அந்த ஆண்டு ஜூலையிலேயே பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் ஸார்புருக்கன் நகரில் ஒரு ஒப்பந்தம் போட்டு எல்லைச் சோதனையைக் குறைத்தன. அந்த இரண்டோடு ஏற்கெனவே தங்களுக்குள் எல்லையைத் தளர்த்தியிருந்த பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் சேர்ந்துகொள்ள, 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கையெழுத்திட்டார்கள். இடம், ஷெங்கன் என்ற சின்ன ஊர். லக்சம்பர்க்கின் தென்கிழக்கு மூலையில், மோசெல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ஆற்றின் எதிர்க்கரை ஜெர்மனி, கொஞ்சம் தெற்கே நடந்தால் பிரான்ஸ். கையெழுத்து ஆனது ஆற்றில் நின்றிருந்த 'பிரின்செஸ் மரி-ஆஸ்ட்ரிட்' என்ற பயணிகள் கப்பலில். பிரதமர்கள் யாரும் வரவில்லை, இணையமைச்சர், செயலர் அளவில் இருந்தவர்கள்தான் வந்தார்கள்.

அந்த முதல் ஒப்பந்தத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. காரின் முன்கண்ணாடியில் குறைந்தது 8 சென்டிமீட்டர் அகலமுள்ள பச்சை வட்டம் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டியிருந்தால், உள்ளே இருப்பவர்கள் எல்லோரிடமும் சரியான பத்திரங்கள் இருக்கின்றன, அளவுக்கு மீறிச் சரக்கு எதுவும் இல்லை என்று அர்த்தம். வண்டி வேகத்தைக் குறைத்து மெதுவாக உருண்டு போகும், காவலர் நின்ற இடத்திலிருந்து கண்ணால் பார்ப்பார், நிறுத்த மாட்டார். அதுவரை ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டுவிட்டு அப்புறம் அனுமதித்த ஒரு அரசாங்கம், முதல்முறையாகச் சாதாரண ஜனங்கள் சொல்வதை அப்படியே நம்பி விடுகிறது. ஷெங்கன் முழுவதும் அந்த எட்டு சென்டிமீட்டர் பச்சைத் தாளில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

எல்லைச் சோதனையை அடியோடு எடுக்க இன்னும் பத்தாண்டு ஆயிற்று. விரிவான விதிகளை 1989 டிசம்பரில் கையெழுத்திடுவதாக இருந்தது. நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்ததும் கிழக்கு ஜெர்மனியை என்ன செய்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டு, 1990 ஜூனில் கையெழுத்தானது. 1995 மார்ச் 26 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து ஏழு நாடுகளில் நிஜமாகவே அமலுக்கு வந்தது. 1999-இல் ஒன்றியத்தின் சட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

சரி, இப்போது விசா. நீங்கள் விண்ணப்பிப்பது ஒரு நாட்டின் தூதரகத்தில், கிடைக்கும் அனுமதி 29 நாடுகளுக்கு. எந்த நாட்டில் அதிக நாள் தங்கப்போகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும், எல்லாம் சம நாள் என்றால் முதலில் இறங்கும் நாட்டிடம். எங்கே சீக்கிரம் அப்பாயின்ட்மெண்ட் கிடைக்கிறதோ அங்கே வாங்கிவிட்டு வேறு நாட்டில் போய்ச் சுற்றுவது ஆபத்து, இறங்குமிடத்தில் ஹோட்டல் புக்கிங்கைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் போனால் ஏற்க மாட்டார்கள். இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நல்ல மாற்றம் வந்தது: மூன்றாண்டுக்குள் இரண்டு விசா வாங்கி விதிப்படி பயன்படுத்தியிருந்தால், அடுத்ததாக இரண்டாண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா, அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஐந்தாண்டுக்கு. பாஸ்போர்ட்டில் அதற்குக் காலம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எல்லோரும் தடுமாறுவது 90/180 கணக்கில்தான். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. ஆறு மாதம் முடிந்ததும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். வந்த நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். லீப் ஆண்டு அல்லாத ஒரு வருடத்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இருந்துவிட்டால் சரியாக 90 ஆகிவிட்டது, அடுத்து ஜூன் 30 அன்றுதான் மறுபடி கால் வைக்கலாம். இந்தத் தொண்ணூறும் 29 நாட்டுக்கும் சேர்த்துத்தான், நாட்டுக்கு நாடு தனியாக இல்லை.

இனி சுங்கம், அதாவது ஆளை விட்டுவிட்டுப் பையைப் பார்ப்பது. இதைப் புரிந்துகொள்ள பாஸல் நகரத்து 8-ஆம் எண் டிராமைப் பார்த்தால் போதும். சுவிட்சர்லாந்தின் பாஸலிலிருந்து கிளம்பி எல்லை தாண்டி ஜெர்மனியின் வைல் அம் ரைன் வரை போகிறது, 2014 டிசம்பரிலிருந்து ஓடுகிறது. சுவிட்சர்லாந்தில் விலைவாசி, குறிப்பாக இறைச்சி விலை, மலைக்க வைக்கும், அதனால் பாஸல்காரர்கள் டிராம் ஏறி ஜெர்மனியில் போய்ச் சாமான் வாங்கி வருகிறார்கள். ஆள் போய்வர ஷெங்கன் இருக்கிறது. ஆனால் சுவிட்சர்லாந்து ஒன்றியத்தின் சுங்கக் கூட்டமைப்பில் இல்லை, அதனால் பையில் இருப்பதற்குக் கணக்கு உண்டு. ஆளுக்கு ஒரு கிலோ இறைச்சி, ஒரு கிலோ வெண்ணெய், ஐந்து லிட்டர் ஒயின் வரை தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். கூடுதலாக ஒரு கிலோ இறைச்சி இருந்தால் அதற்கு 17 பிராங்க் தீர்வை. மொத்தச் சாமான் மதிப்பு 150 பிராங்கைத் தாண்டினால் வரி, 2024 வரை இந்த வரம்பு 300-ஆக இருந்தது. குடும்பத்தோடு போனால் தலைக்கு ஒரு கிலோ என்பதால் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு எத்தனை பேரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போவது என்பதே ஒரு திட்டம்தான். அதே டிராமில் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஒன்றியத்துக்குள் 2017 ஜூனிலிருந்து ரோமிங் கட்டணம் தனியாகக் கிடையாது, ஆனால் சுவிட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை. ஜெர்மன் சிம் வைத்துக்கொண்டு பாஸலில் டேட்டாவைத் திறந்து வைத்தால் பில் எகிறிவிடக்கூடும், பிளானைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இந்தச் சுங்க விதி பெட்டி கட்டும்போதே வந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் பயணப் பையில் கொண்டுபோகக் கூடாது. அம்மா கொடுத்தனுப்பும் நெய், பால்கோவா இரண்டும் இதில் மாட்டும். கருவாட்டுக்கு மீன் வகைக்கான விதி, 20 கிலோ வரை விடுவார்கள். பழம், காய், இலை எதுவானாலும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் மாம்பழமோ ஒரு கொத்து கறிவேப்பிலையோகூடக் கொண்டுபோக முடியாது. விதிவிலக்கு ஐந்து பழங்களுக்கு மட்டும்: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன். இது விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரியின் கெடுபிடி இல்லை, கால்நடை நோயும் பயிர்ப்பூச்சியும் உள்ளே வந்தால் எல்லா நாட்டுக்கும் பரவும், உள்ளே தடுக்க எல்லையே இல்லையே. ஆளுக்கு எந்த நியாயமோ அதே நியாயம் கறிவேப்பிலைக்கும்.

எல்லையை எடுத்துவிட்டால் சாப்பாட்டுப் பழக்கம்கூட மாறுகிறது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேலுக்கு 2017-லிருந்து டிராம் போகிறது. பிரெஞ்சுக்காரர்கள் சிகரெட்டும் ஷாம்பூவும் வாங்க அந்தப் பக்கம், ஜெர்மானியர்கள் ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் இந்தப் பக்கம். இரண்டு கரையிலும் கிடைக்கும் பண்டம் ஒன்றே, மெல்லிய மாவில் க்ரீமும் வெங்காயமும் பன்றி இறைச்சித் துண்டுகளும் தூவிச் சுட்டது, ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெல்ஜியமும் நெதர்லாந்தும் பின்னிக் கிடக்கும் பார்லே ஊரில் எல்லைக்கோடு வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே ஓடுகிறது, நடைபாதையில் வெள்ளைச் சிலுவைகளாக அதைப் பதித்திருக்கிறார்கள். முன்கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த வீடு அந்த நாட்டுக்குச் சொந்தம். முன்பு நெதர்லாந்தில் உணவகங்களைச் சீக்கிரம் மூட வேண்டியிருந்தபோது மேஜையை பெல்ஜியப் பக்கம் நகர்த்தி உட்கார்ந்துகொள்வார்கள் என்று அங்கே சொல்வார்கள். எங்கள் தமிழர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சுவிட்சர்லாந்தில் வதிவிட அனுமதியோடும் இலங்கைப் பாஸ்போர்ட்டோடும் வாழ்ந்த குடும்பங்கள் பாரிஸில் இருக்கும் சொந்த அண்ணனைப் பார்க்கப் போவதற்கும் விசா வாங்க வேண்டியிருந்தது. 2008 டிசம்பர் 12-இல் சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இணைந்த பிறகு அந்த வதிவிட அட்டையே போதும் என்றானது. வெள்ளிக்கிழமை மாலை காரை எடுத்தால் சனிக்கிழமை பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷபெல் தெருவில் மரக்கறி வாங்கி, கொத்து ரொட்டி சாப்பிட்டு, கல்யாண வீட்டுக்கும் போய்விட்டுத் திரும்பலாம். சிதறிப்போன ஒரு சனத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை பிரசல்ஸில் கணக்குப் போட்டவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இனி அதிகாரத்தைப் பற்றி. இவ்வளவையும் ஒரு நாடு தானாக நிறுத்திவைக்க முடியுமா என்றால், முடியும். ஷெங்கன் எல்லைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, உள் எல்லையை எந்த இடத்திலும் சோதனையின்றிக் கடக்கலாம், எந்த நாட்டவராக இருந்தாலும் சரி என்று தெளிவாகச் சொல்கிறது. 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கோ பாதுகாப்புக்கோ கடுமையான அச்சுறுத்தல் இருந்தால், வேறு வழியே இல்லாதபோது, தற்காலிகமாகச் சோதனை வைக்கலாம் என்கிறது. உலகக் கோப்பைப் போட்டி, பெரிய மாநாடு போன்றவற்றுக்குச் சில நாள் வைத்து எடுப்பார்கள் என்ற எண்ணத்தில் எழுதிய பிரிவு அது. 2011-இல் துனீசியாவிலிருந்து வந்தவர்களுக்கு இத்தாலி தற்காலிக அனுமதி கொடுத்தபோது, பிரான்ஸ் வென்டிமிலியாவிலிருந்து வந்த ரயிலை எல்லையில் நிறுத்தியது. நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்று அன்றே தெரிந்துவிட்டது. 2015-இல் அகதிகள் பெருமளவில் வந்தபோது ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் சோதனை வைத்தது, நவம்பரில் பாரிஸ் தாக்குதலை ஒட்டி பிரான்ஸ் வைத்தது. அன்று வைத்ததை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்து நீட்டித்து இன்றுவரை இரண்டு நாடுகளும் எடுக்கவில்லை.

2019-இல் ஸ்லோவேனியாவிலிருந்து ஆஸ்திரியாவுக்குள் ஸ்பீல்ஃபெல்ட் என்ற இடத்தில் நுழைந்த ஒருவர் பாஸ்போர்ட்டைக் காட்ட மறுத்தார், இந்தச் சோதனையே சட்டப்படி செல்லாது என்றார். 36 யூரோ அபராதம் போட்டார்கள். அவர் அதை எதிர்த்து வழக்குப் போட, அது லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2022 ஏப்ரல் 26-இல் தீர்ப்பு வந்தது: பழைய அதே காரணத்தைச் சொல்லி ஆறு மாதத்துக்கு மேல் சோதனையை நீட்டிக்க முடியாது, புதிதாக வேறொரு அச்சுறுத்தல் இருக்க வேண்டும், சட்டத்துக்கு மாறான சோதனையில் பாஸ்போர்ட் காட்ட மறுத்தவரைத் தண்டிக்கவும் முடியாது. 36 யூரோவைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம், போகாமல் நின்ற அந்த மனிதரை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் ஆஸ்திரியா சோதனையை நீட்டித்தது, 2024-இல் சட்டத்தையே திருத்தி, முன்கூட்டியே தெரிந்த அச்சுறுத்தல் என்றால் இரண்டாண்டு வரைக்கும், அதற்கு மேலும் விதிவிலக்காக, நீட்டிக்க இடம் கொடுத்துவிட்டார்கள். 2023 அக்டோபரில் இத்தாலி ஸ்லோவேனிய எல்லையில் சோதனை வைத்தது. அந்த எல்லையில்தான் கோரிஸியா, நோவா கோரிஸா என்ற இரட்டை நகரங்கள் ஒரே சதுக்கத்தைப் பகிர்ந்துகொண்டு 2025-இல் சேர்ந்தே ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தன. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்தது. ஒப்பந்தத்தின் நாற்பதாவது ஆண்டு நிறைவு 2025 ஜூனில் வந்தபோது, ஷெங்கன் ஊரிலிருந்து பாலம் தாண்டி ஜெர்மனியின் பெர்லுக்குப் போகிறவர்களுக்கும் அது பொருந்தியது.

எல்லாக் காரையும் நிறுத்துவதில்லை. தூவானம்போல அங்கங்கே நிறுத்துகிறார்கள், ரயிலில் ஏறி ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். அப்படிச் சிலரை மட்டும் பொறுக்கிக் கேட்கும்போது யாரைக் கேட்பார்கள் என்ற கேள்வி வருகிறது. தோல் நிறத்தை வைத்துக் கேட்கிறார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து புகார் சொல்லி வருகின்றன. எந்த நாட்டவராக இருந்தாலும் சரி என்ற 22-ஆம் பிரிவின் அந்த ஒரு வரி நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதியது, அது தேய்வதில் முதல் நஷ்டமும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான். எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் பேசுகிறவர்களுக்கு ஓட்டு விழுகிறது, திறந்து வைப்பதால் தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வரும் லட்சக்கணக்கானவர்களின் குரல் அந்த அளவுக்குக் கேட்பதில்லை என்பது என் வருத்தம்.

அதனால் பயணத்தில் என்ன செய்ய வேண்டும்? நாடு தாண்டும் ரயிலிலும் பஸ்ஸிலும் அசல் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள், ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டு நகலோடு ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து கேலுக்குப் போகாதீர்கள். ஹோட்டலில் பாஸ்போர்ட் கேட்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினால் பயப்பட வேண்டாம், வெளிநாட்டவர் விவரத்தைப் பதிய வேண்டும் என்பது 1990 ஒப்பந்தத்தின் 45-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே இருக்கும் சின்ன நாடான அண்டோராவுக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று திட்டமிட்டால் அது ஷெங்கனுக்கு வெளியே, ஒருமுறை நுழையும் விசா வைத்திருந்தால் திரும்பி வர வழி இல்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வழக்கமும் போகிறது: 2025 அக்டோபர் 12 முதல் விரல் ரேகையையும் முகப் படத்தையும் வைத்து வரவையும் போக்கையும் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். இனி 90 நாள் கணக்கை அதிகாரி முத்திரைகளைப் புரட்டி எண்ண வேண்டியதில்லை, கணினியே சொல்லிவிடும். நீங்களும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒருமுறை காலண்டரை வைத்து எண்ணிவிடுங்கள்.